உப்பும் அழுத்த ஹார்மோனும்: எடின்பரோ சுண்டெலிகளை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

உப்பு கூடினால் ரத்த அழுத்தம் ஏறும் என்பது பழைய சங்கதி. சிறுநீரகம், ரத்தக்குழாய், இதயம் என்று அந்தக் கதை பலருக்கும் மனப்பாடம். மூளை அதில் பெரும்பாலும் தலைகாட்டுவதே இல்லை. 2022 நவம்பரில் எடின்பரோ பல்கலைக்கழகத்திலிருந்து ‘கார்டியோவாஸ்குலர் ரிசர்ச்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு மூளையையும் அந்தக் கதைக்குள் இழுத்தது. சிறுநீரக உடலியங்கியல் பேராசிரியர் மேத்யூ பெய்லியும் அவருடைய குழுவும் செய்த வேலை அது. உப்பு மிகுந்த தீனி தின்ற சுண்டெலிகளின் உடலில் அழுத்த ஹார்மோன், அதாவது நெருக்கடி வரும்போது உடல் சுரக்கும் ஹார்மோன், 75 சதவீதம் கூடியிருந்தது. அவற்றை ஒரு நெருக்கடிக்கு உள்ளாக்கியபோது வந்த ஹார்மோன் எழுச்சி, சாதாரணத் தீனி தின்ற சுண்டெலிகளில் வந்ததைப் போல இரண்டு மடங்கு.

செய்தி வெளியானதும் ‘உப்பு தின்றால் மன அழுத்தம் வரும்’ என்கிற பாணியில் தலைப்புகள் ஓடின. அந்தத் தலைப்பு ஆய்வில் இல்லாத ஒன்றைச் சொல்கிறது, இருப்பதில் முக்கியமானதை விட்டுவிடுகிறது. அந்தச் சுண்டெலிகள் பதற்றமாக இருந்தனவா, சோர்ந்து கிடந்தனவா என்பது அங்கே கேள்வியே அல்ல. குழு அளந்தது ஹார்மோன் கட்டுப்பாட்டை. மூளையில் உற்பத்தி தொடங்கும் இடம், நெருக்கடியின்போது வரும் எழுச்சி, ஹார்மோன் போய்ச் சேரும் திசுக்கள் என்று மூன்று மட்டங்களிலும் கட்டுப்பாடு ஒரே திசையில் தளர்ந்திருந்தது. எனக்கு 75 சதவீதம் என்ற எண்ணைவிட இதுதான் பெரிய செய்தி.

அச்சு எப்படி வேலை செய்கிறது

மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலாமஸ் இருக்கிறது. அதிலுள்ள ஒரு சிறிய நரம்பணுக் கூட்டம் சி.ஆர்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. 41 அமினோ அமிலங்கள் கொண்ட இந்தச் சிறு புரதத்தை 1981-ல் வைலி வேல் குழு பிரித்தெடுத்து அடையாளம் காட்டியது. சி.ஆர்.எச். சில மில்லிமீட்டர் தூரமே ஓடும் தனி ரத்தக்குழாய் வழியாகக் கீழேயுள்ள பிட்யூட்டரி சுரப்பிக்குப் போகிறது. அங்கே பி.ஓ.எம்.சி. என்ற பெரிய புரதம் வெட்டப்பட்டு ஏ.சி.டி.எச். உருவாகி ரத்தத்தில் கலக்கிறது. அது சிறுநீரகங்களின் மேல் உட்கார்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளை எட்டியதும் அவை கார்டிசாலைச் சுரக்கின்றன. சுண்டெலிக்கும் எலிக்கும் கார்டிசால் கிடையாது, அவற்றின் உடலில் அதே வேலையைச் செய்வது கார்ட்டிகோஸ்டீரோன்.

ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரி, அட்ரீனல் என்று நீளும் இந்தச் சங்கிலியைத்தான் அழுத்த அச்சு என்கிறார்கள். இந்த ஏற்பாட்டில் பாதி முக்கியத்துவம் நிறுத்துவதில் இருக்கிறது. தொட்டி நிரம்பியதும் மிதவை வால்வு தண்ணீரை அடைப்பது போல, கார்டிசால் ஏறியதும் அதுவே மூளைக்குத் திரும்பி வந்து சி.ஆர்.எச்., ஏ.சி.டி.எச். இரண்டையும் அடக்கும். இதற்காக மூளையில் இரண்டு வகை ஏற்பிகள், அதாவது ஹார்மோன் வந்து ஒட்டிக்கொள்ளும் புரதங்கள், இருக்கின்றன. ஒன்று மிகக் குறைந்த அளவு ஹார்மோனிலேயே நிரம்பிவிடும், மற்றது அளவு ஏறும்போதுதான் ஈடுபடும். நினைவுக்கு முக்கியமான மூளைப் பகுதியான ஹிப்போகாம்பஸில் இரண்டுமே ஏராளம்.

அப்புறம் நேரக் கணக்கும் உண்டு. மனிதருக்கு கார்டிசாலின் உச்சம் அதிகாலையில், விழிக்கும் வேளையை ஒட்டி வரும், நள்ளிரவை ஒட்டித் தாழும். சுண்டெலி இரவில் நடமாடும் பிராணி என்பதால் அதன் உச்சம் இருள் தொடங்கும் வேளையில். எந்த நேரத்தில் மாதிரி எடுத்தார்கள் என்று சொல்லாமல் ‘ஹார்மோன் கூடியது’ என்று யாராவது சொன்னால் அந்த வாக்கியத்துக்குப் பொருளில்லை.

என்ன செய்தார்கள்

பரிசோதனையின் அமைப்பு எளிமையானது. ஆய்வகங்களில் மிக அதிகமாகப் பயன்படும் சி57 பிளாக் 6 வகை ஆண் சுண்டெலிகள் இரண்டு கூட்டங்களாகப் பிரிக்கப்பட்டன. ஒரு கூட்டத்தின் தீனியில் சோடியம் 0.3 சதவீதம், மற்றதில் 3 சதவீதம். தீனி கொடுத்த காலம் 8 வாரம் வரை. உப்பு வைத்தது தீனியில் மட்டும், குடிக்கச் சாதாரணத் தண்ணீர் கிடைத்தது. சின்ன விஷயமாகத் தோன்றும் இந்த விவரம் பின்னால் பெரிய வேலை செய்யப்போகிறது.

நெருக்கடிக்கு ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்வதையே செய்தார்கள். காற்றோட்டமுள்ள ஒடுக்கமான குழாய்க்குள் சுண்டெலியைத் திரும்ப முடியாதபடி சிறிது நேரம் அடைத்துவைப்பது. காயம் எதுவும் இல்லை, ஆனால் அதற்கு அது பெரிய தொல்லை. ஹார்மோன் சட்டென்று ஏறும். இத்தகைய வேலையில் ஒரு சிக்கல் எப்போதும் உண்டு: சுண்டெலியைக் கையால் தூக்குவதே ஒரு நெருக்கடிதான். ஓய்வு நிலை அளவு வேண்டுமென்றால் கூண்டைத் தொட்ட சில நிமிடங்களுக்குள் ரத்தம் எடுத்தாக வேண்டும். தாமதித்தால் அளப்பது சுண்டெலியின் இயல்பை அல்ல, அளப்பவரின் குறுக்கீட்டை.

என்ன கிடைத்தது

முதலில் ஓய்வு நிலை. உப்புக் கூட்டத்தில் ஹார்மோனின் அன்றாட உச்சம் உயர்ந்திருந்தது. ஹைப்போதலாமஸில் சி.ஆர்.எச். மரபணுவின் செயல்பாடும் பிட்யூட்டரியில் பி.ஓ.எம்.சி. மரபணுவின் செயல்பாடும் கூடியிருந்தன. இது ஏன் முக்கியம் என்றால், கார்ட்டிகோஸ்டீரோன் கூடுவதற்குப் பல வழிகள் உண்டு. அட்ரீனல் தானாகவே அதிகம் சுரக்கலாம், கல்லீரல் அதை மெதுவாக அழிக்கலாம். அப்படி நடந்திருந்தால் மிதவை வால்வு வேலை செய்து மூளையும் பிட்யூட்டரியும் அடங்கியிருக்க வேண்டும். இங்கே ஹார்மோன் கூடியிருக்கும்போதே மேலேயிருந்து வரும் கட்டளையும் கூடியிருக்கிறது. அதாவது தூண்டுதல் மூளைப் பக்கத்திலிருந்து வருகிறது, தடையும் சரியாகப் பிடிக்கவில்லை.

இரண்டாவது, குழாய்ச் சோதனை. உப்புக் கூட்டத்தின் எழுச்சி இரட்டிப்பு. இதை ஓய்வு நிலை உயர்வின் நீட்சி என்று மட்டும் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. ஏற்கெனவே கார்ட்டிகோஸ்டீரோன் உயர்ந்திருக்கும் உடலில் அடுத்த எழுச்சி மட்டுப்படுவதுதான் எதிர்பார்க்கத்தக்கது. அது நடக்கவில்லை.

மூன்றாவது பலர் கவனிக்காமல் தாண்டிப்போகும் பகுதி. ரத்தத்தில் இருக்கும் ஹார்மோன் அளவும் அணுவுக்குள் இருக்கும் அளவும் ஒன்றல்ல. அணுக்களுக்குள் இரண்டு நொதிகள் எதிரெதிராக வேலை செய்கின்றன. 11-பீட்டா எச்.எஸ்.டி. முதல் வகை, செயலிழந்த ஹார்மோனை மீண்டும் செயலுள்ளதாக மாற்றும். கல்லீரல், கொழுப்புத் திசு, மூளை ஆகியவற்றில் இது உண்டு. இரண்டாம் வகை செயலுள்ளதைச் செயலிழக்கச் செய்யும், முக்கியமாகச் சிறுநீரகத்தில். உப்புத் தீனி நீடித்தபோது கல்லீரல் போன்ற திசுக்களில் ஹார்மோனை மீளுருவாக்கும் போக்கு வலுத்திருந்ததைக் குழு காட்டியது. ரத்தப் பரிசோதனையில் தெரிவதைவிடத் திசு அனுபவிக்கும் ஹார்மோன் கூடுதலாக இருக்கலாம் என்பது இதன் பொருள்.

இரண்டாம் வகை நொதி எவ்வளவு முக்கியம் என்பதற்கு அதிமதுரம் ஒரு பழைய சாட்சி. அதிலுள்ள ஒரு பொருள் இந்த நொதியைத் தடுத்துவிடும். தடுத்ததும் கார்டிசால், சோடியத்தைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோனான அல்டோஸ்டீரோனுக்காக வைத்திருக்கும் ஏற்பியில் போய் உட்கார்ந்துகொள்கிறது. சோடியம் தேங்கும், பொட்டாசியம் குறையும், ரத்த அழுத்தம் ஏறும். அதிமதுர மிட்டாயை நாள்தவறாமல் அள்ளித் தின்றவர்கள் மருத்துவமனையில் சேர்ந்த கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய. பெய்லியின் குழு இந்த நொதிக்குப் புதிதும் அல்ல. மூளையில் மட்டும் இரண்டாம் வகை நொதியை நீக்கிய சுண்டெலிகள் உப்பு நீரைத் தேடித்தேடிக் குடித்தன, ரத்த அழுத்தமும் ஏறியது என்று 2016-ல் அவர்கள் வெளியிட்டிருந்தார்கள். இரண்டு ஆய்வுகளையும் பக்கத்தில் வைத்தால் ஒரு வட்டம் கண்ணில் படுகிறது: உப்பு ஹார்மோனைக் கூட்டுகிறது, அந்த ஹார்மோன் மூளையில் காவல் தளர்ந்த இடத்தில் உப்பு நாட்டத்தைக் கூட்டக்கூடும். வட்டம் முழுதாக ஒரே பரிசோதனையில் காட்டப்படவில்லை, இது என்னுடைய இணைப்பு. ஆனால் சோதித்துப் பார்க்கத் தகுந்தது என்று நினைக்கிறேன்.

ஒரே சுரப்பி, எதிரெதிர் திசை

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது அட்ரீனல் சுரப்பியே. அதன் புறணியின் வெளியடுக்கு அல்டோஸ்டீரோனைச் சுரக்கிறது, அதற்கு அடுத்த அடுக்கு கார்டிசாலை. உப்பு கூடினால் அல்டோஸ்டீரோன் குறையும். சோடியத்தைப் பிடித்துவைக்கச் சொல்லும் ஹார்மோனுக்கு அப்போது வேலையில்லை. மருத்துவர்கள் இதை அன்றாடச் சோதனையாகவே வைத்திருக்கிறார்கள். அல்டோஸ்டீரோன் மிகைச் சுரப்பு இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால், நோயாளிக்கு 3 நாட்கள் தினமும் 200 மில்லிமோலுக்கு மேல் சோடியம் கொடுத்துவிட்டுச் சிறுநீரில் அல்டோஸ்டீரோனை அளப்பார்கள். குறையாவிட்டால் சந்தேகம் உறுதிப்படும்.

அப்படியானால், பக்கத்துப் பக்கத்து அடுக்குகள், ஒன்று இறங்குகிறது, மற்றது ஏறுகிறது. வெளியடுக்கு பெரும்பாலும் சிறுநீரகத்தின் ரெனின் வழியாக வரும் ஆணைக்கும் பொட்டாசியத்துக்கும் கட்டுப்பட்டது. உள்ளடுக்கு பிட்யூட்டரி சொல்வதைக் கேட்கிறது. உப்பு அதிகமானால் சிறுநீரகம் ‘போதும்’ என்கிறது, மூளை ‘இன்னும்’ என்கிறது. உப்பைப் பற்றிய பாடங்களில் சிறுநீரகத்தின் குரல் மட்டும் நீண்ட காலம் கேட்டதற்கு ஒரு காரணம், அதை அளக்க எளிது என்பதே.

மூளைக்கு உப்பு எப்படித் தெரிகிறது

ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையில் தடுப்பு இருக்கிறது. ஆனால் மூன்றாம் மூளைக்குழியின் ஓரத்தில் அந்தத் தடுப்பு மெலிந்த சில இடங்கள் உண்டு. ரத்தத்தின் செறிவு ஓரிரு சதவீதம் கூடினாலே அங்குள்ள அணுக்கள் உணர்ந்துவிடும். தாகம் எடுப்பதும், வாசோபிரெசின் சுரந்து சிறுநீர் அடர்த்தியாவதும் இங்கிருந்து தொடங்குகின்றன.

வாசோபிரெசினைப் பொதுவாகத் தண்ணீர் சேமிக்கும் ஹார்மோன் என்று படிப்போம். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. பிட்யூட்டரியில் அது சி.ஆர்.எச்.-உடன் சேர்ந்தால், இரண்டும் தனித்தனியாகத் தூண்டுவதைக் கூட்டினால் கிடைப்பதைவிட அதிகமான ஏ.சி.டி.எச். வெளிவரும். உப்புக்கும் அழுத்த அச்சுக்கும் இடையில் உடற்கூறு வழியாகவே ஒரு பாலம் இருக்கிறது என்பதற்கு இதுதான் மிக நேரடியான சான்று.

2015-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் சார்லஸ் பூர்க் குழு ‘நியூரான்’ இதழில் வெளியிட்ட வேலை இதில் ஒரு படி உள்ளே போகிறது. காபா என்ற வேதிப்பொருள் மூளையில் பொதுவாகத் தடை போடுவது. அது தடையாக இருக்க வேண்டுமானால் நரம்பணுவுக்குள் குளோரைடு குறைவாக இருக்க வேண்டும், குளோரைடை வெளியே தள்ள அணுச்சவ்வில் ஒரு புரதம் இருக்கிறது. உப்பு மிகுதி நீடித்தபோது எலிகளின் வாசோபிரெசின் நரம்பணுக்களில் அந்தப் புரதம் குறைந்தது, உள்ளே குளோரைடு தேங்கியது. விளைவு, தடை போட வேண்டிய காபா வலுவிழந்தது, ரத்த அழுத்தம் ஏறும்போது இந்த நரம்பணுக்களை அடக்க வேண்டிய செய்தி பலிக்காமல் போனது. உப்பு மூளையின் கம்பி இணைப்பை மாற்றவில்லை, அதே இணைப்பில் ஓடும் செய்தியின் பொருளை மாற்றிவிட்டது.

எடின்பரோ சுண்டெலிகளில் நடந்ததும் இதேதான் என்று சொல்ல முடியாது. விலங்கு வேறு, உப்பு கொடுத்த முறை வேறு, அளந்த நரம்பணுக்களும் வேறு. ஆனாலும் ‘தடை ஏன் பிடிக்கவில்லை’ என்ற கேள்விக்கு எங்கே தேட வேண்டும் என்று இது காட்டுகிறது.

எதிர்த்தரப்புச் சாட்சிகள்

சரி, உப்பு எப்போதும் அழுத்த அச்சை முடுக்குமா? இல்லை. இங்கேதான் நிகழ்வு சிக்கலாகிறது.

2011-ல் அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் எரிக் க்ராஸ் குழுவினர் எலிகளுக்கு அடர்த்தியான உப்புக் கரைசலை ஊசி வழியாகச் செலுத்தினார்கள். ரத்தத்தில் சோடியம் சட்டென்று ஏறியது. பிறகு அதே மாதிரி அடைத்துவைக்கும் சோதனை. அந்த எலிகளின் அழுத்த ஹார்மோன் எழுச்சி குறைந்தது, கூடவில்லை. இதயத் துடிப்பும் சீக்கிரம் இயல்புக்குத் திரும்பியது, மற்ற எலிகளோடு பழகுவதில் தயக்கம் குறைந்தது. ஹைப்போதலாமஸில் ஆக்ஸிடோசின் நரம்பணுக்கள் முடுக்கப்பட்டதே இதற்குக் காரணம் என்று அவர்கள் விளக்கினார்கள். விளக்கம் பரிணாம நோக்கில் பொருந்துகிறது. கடும் தாகத்தில் இருக்கும் விலங்கு, வேட்டையாடும் விலங்குகளும் வரும் நீர்நிலைக்குப் போயே ஆக வேண்டும், அச்சம் கொஞ்சம் அடங்கினால்தான் அது முடியும்.

இதைவிடத் தொல்லை தருவது 1980-களிலிருந்து வந்த பழைய ஆய்வுகள். அவற்றில் எலிகளுக்கு நல்ல தண்ணீரை எடுத்துவிட்டு 2 சதவீத உப்பு நீரை மட்டும் பல நாட்கள் குடிக்கக் கொடுத்தார்கள். பிட்யூட்டரிக்குக் கட்டளை அனுப்பும் நரம்பணுக்களில் சி.ஆர்.எச். மரபணுச் செயல்பாடு குறைந்தது. எடின்பரோவில் கிடைத்ததற்கு நேர்மாறு.

இதைப் பார்த்துவிட்டு ‘ஆய்வாளர்கள் ஒரு நாள் ஒன்று சொல்வார்கள், மறுநாள் இன்னொன்று’ என்று கைகழுவுவது எளிது. மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு ஒழுங்கு தெரிகிறது. ஊசி போட்ட எலிக்கும், உப்பு நீர் மட்டுமே கிடைத்த எலிக்கும் தப்பிக்க வழியில்லை. ரத்தத்தின் செறிவு நிஜமாகவே ஏறிவிடும், உடல் வறண்டுபோகும். அது தாகத்தின் உச்ச நிலை. எடின்பரோ சுண்டெலிக்கு அருகிலேயே நல்ல தண்ணீர் இருந்தது. குடித்தது, கழித்தது, சோடியச் சமநிலையை ஒருவாறு காப்பாற்றிக்கொண்டது. அந்தச் சமநிலையைக் காப்பாற்றும் வேலை வாரக்கணக்கில் ஓயாமல் நடந்தது. முதல் இரண்டும் நீரிழப்பின் கதை, மூன்றாவது நீடித்த உப்பு மிகுதியின் கதை. அதிக உப்பு தின்னும் மனிதர் இந்த மூன்றாவது சுண்டெலியைப் போன்றவர், உப்பு நீர் மட்டும் கிடைத்த எலியைப் போன்றவர் அல்ல. எடின்பரோ அமைப்பை நான் கூடுதலாக மதிப்பதற்கு இதுவே காரணம்.

உடல் ஏன் இப்படிச் செய்கிறது

இதற்கு ஒரு விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. செவ்வாய்ப் பயணத்துக்கு ஒத்திகையாக மாஸ்கோவில் மனிதர்களை மூடிய கலத்துக்குள் முதலில் 105 நாட்களும் பிறகு 520 நாட்களும் தங்கவைத்தார்கள். என்ன தின்கிறார்கள், எவ்வளவு குடிக்கிறார்கள், எவ்வளவு கழிக்கிறார்கள் என்பதெல்லாம் முழுக் கணக்கில் இருந்தது. யென்ஸ் டிட்ஸே குழு இதைப் பயன்படுத்தி அவர்களில் 10 ஆண்களின் உணவில் மற்ற எதையும் மாற்றாமல் உப்பை மட்டும் நாளுக்கு 12, 9, 6 கிராம் என்று வாரக்கணக்கில் மாற்றியது.

2017-ல் வந்த முடிவு பலரையும் திகைக்கவைத்தது. உப்பு கூடியபோது அவர்கள் நாளடைவில் குடித்த தண்ணீர் குறைந்தது. சிறுநீரில் அழுத்த ஹார்மோனின் வெளியேற்றம் கூடியது, அல்டோஸ்டீரோன் குறைந்தது. கூடவே நடந்த சுண்டெலி வேலையில் காரணம் துலங்கியது: உப்பை வெளியேற்றும்போது தண்ணீரும் கூடவே போய்விடாமலிருக்கச் சிறுநீரகம் யூரியாவைப் பயன்படுத்துகிறது. யூரியா தயாரிக்கப் புரதத்தைக் கரைக்க வேண்டும், அதற்குத் தசையிலிருந்து சரக்கு வருகிறது, கல்லீரல் அதைச் செய்துமுடிக்கிறது. தசையைக் கரைத்து கல்லீரலுக்கு அனுப்பச் சொல்லும் ஹார்மோன் எது? கார்டிசால் குடும்பமேதான்.

இப்படிப் பார்த்தால், நீடித்த உப்பில் இந்த ஹார்மோன் கூடுவதை உடலின் பிசகு என்று மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது. தண்ணீரைக் காக்க உடல் கொடுக்கும் விலை என்று பார்ப்பது பொருத்தமாக இருக்கிறது. ஆனால் அதே ஹார்மோன் கல்லீரலையும் தசையையும் தாண்டி ஹிப்போகாம்பஸுக்கும் போகிறது. தண்ணீர்க் கணக்குக்காகக் கூட்டப்பட்ட ஹார்மோன் அங்கே போய் ‘நான் அதற்காக வரவில்லை’ என்று சொல்லாது.

மனிதரிடம் அளப்பதில் உள்ள பொறிகள்

அதிகச் சோடியம் கழிப்பவர்களின் சிறுநீரில் கார்டிசாலும் அதிகம் இருப்பதாக மனித ஆய்வுகள் பல காட்டியிருக்கின்றன. இதை எடின்பரோ முடிவுக்கு நேரடி ஆதாரமாக நீட்டுவதற்கு முன் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். அதிகத் தண்ணீர் குடித்தாலே சிறுநீரில் கட்டற்ற கார்டிசாலின் வெளியேற்றம் கூடும். ரத்தத்தில் எந்த மாற்றமும் இல்லாமல் இது நடக்கும், கார்டிசால் மிகைநோயைத் தேடும் மருத்துவர்களுக்கு இது தெரிந்த தொல்லைதான். உப்பு தின்று நிறையக் குடிப்பவர்களிடம் கிடைக்கும் எண் எவ்வளவு தூரம் மூளையின் வேலை, எவ்வளவு தூரம் சிறுநீரின் அளவு என்று பிரிக்காமல் பேசக்கூடாது. செவ்வாய் ஒத்திகையின் பலம் இதில்தான். அங்கே குடித்த தண்ணீர் குறைந்தபோதும் ஹார்மோன் கூடியது.

இன்னொன்று எடை. அதிகம் உண்பவர் அதிக உப்பும் உண்பார், உடல் பருத்தவரிடம் கார்டிசாலின் உற்பத்தியும் அழிவும் இரண்டுமே கூடுதல். கேள்வித்தாள் வைத்து நடத்தும் ஆய்வில் இந்த முடிச்சை அவிழ்ப்பது கடினம்.

அளவு

சுண்டெலித் தீனியில் 3 சதவீதச் சோடியம் என்றால் எடைக்கு ஏறக்குறைய 7.6 சதவீதம் உப்பு. ஒரு மனிதர் நாளுக்கு 500 கிராம் உலர்ந்த உணவு உண்பதாக வைத்துக்கொண்டால், அதே விகிதம் 38 கிராம் உப்பாகும். இது என் தோராயக் கணக்கு, சுண்டெலியின் வளர்சிதை மாற்றத்தை மனிதருக்கு இப்படி நேராகப் பெருக்க முடியாது. ஆனாலும் அளவின் பரிமாணம் புரியும். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் வரம்பு நாளுக்கு 2 கிராம் சோடியத்துக்கும் கீழே, அதாவது 5 கிராம் உப்புக்குள். அதன் 2023 அறிக்கைப்படி உலகச் சராசரி 10.8 கிராம். பரிந்துரையைப் போல இரண்டு மடங்கு தின்னும் மனிதரை, கட்டுப்பாட்டுத் தீனியைப் போல பத்து மடங்கு தின்ற சுண்டெலியோடு ஒப்பிட்டு ‘75 சதவீதம் கூடும்’ என்று சொன்னால் அது கணக்குப் பிழை. செவ்வாய் ஒத்திகையில் 6-க்கும் 12-க்கும் இடையில் மாற்றியபோதே ஹார்மோன் அசைந்தது என்பது மட்டும், மனித அளவிலும் இந்த அச்சு உப்பைக் கவனிக்கிறது என்று காட்டுகிறது. எவ்வளவு என்பது வேறு கேள்வி.

பாலினமும் அப்படித்தான். எடின்பரோ சுண்டெலிகள் எல்லாம் ஆண், மாஸ்கோ கலத்தில் இருந்தவர்களும் ஆண்கள். பெண் எலிகளில் இந்த அச்சு ஆண்களைவிட வேகமாகவும் உயரமாகவும் எழும், ஈஸ்ட்ரஜனோடு அது ஏறி இறங்கும் என்பது நெடுநாளாகத் தெரிந்தது. பாதி மனித குலத்தைப் பற்றி இந்த இரண்டு முக்கிய ஆய்வுகளும் எதுவும் சொல்லவில்லை.

மனநிலை

எடின்பரோ குழுவே தன் அறிவிப்பில், பதற்றம், ஆக்ரோஷம் போன்ற நடத்தை மாற்றங்கள் வருகின்றனவா என்பது அடுத்து ஆராயப்படும் என்றுதான் சொல்லியிருந்தது. தலைப்பு எழுதியவர்கள் அந்த ‘அடுத்து’ என்பதைத் தாண்டிப் போய்விட்டார்கள். ஹார்மோன் உயர்வும் மன வேதனையும் ஒன்றல்ல. கார்டிசால் ஒவ்வொரு விடியலிலும் உச்சத்துக்குப் போகிறது, அதனால் யாரும் விடியலில் நொறுங்கிப்போவதில்லை. மறுபுறம், கார்டிசால் வருடக்கணக்கில் மிகையாக இருக்கும் குஷிங் நோயாளிகளில் மனச்சோர்வும் நினைவுத் தடுமாற்றமும் ஹிப்போகாம்பஸ் சுருங்குவதும் பதிவாகியிருக்கின்றன. உப்பால் வரும் உயர்வு இந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் எங்கோ நிற்கிறது.

உப்பு மூளையைத் தொடும் வழி இது ஒன்று மட்டுமல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். நியூயார்க்கின் வைல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் கோஸ்டான்டினோ யாடெகோலா குழு 2018-லும் 2019-லும் காட்டியது வேறு பாதை: உப்பு குடலின் நோயெதிர்ப்பு அணுக்களைத் தூண்டி, அவை சுரக்கும் பொருள் மூளை ரத்தக்குழாய்களின் உட்சுவரைப் பாதித்து, சுண்டெலிகளின் நினைவுத் திறனைக் குறைத்தது. பின்னர் அல்ஸைமர் நோயோடு தொடர்புள்ள டௌ என்ற புரதத்தில் நேரும் மாற்றமும் சேர்ந்தது. நாளை ஒரு உப்புத் தீனிச் சுண்டெலி புதிர்ப் பாதையில் தடுமாறினால் அதற்குக் கார்ட்டிகோஸ்டீரோன் காரணமா, ரத்தக்குழாய் காரணமா என்று பிரிக்க வேண்டியிருக்கும். அட்ரீனலை நீக்கி ஹார்மோனை நிலையான அளவில் வெளியிலிருந்து கொடுத்துப் பார்ப்பது அதற்கான பழைய, நம்பகமான முறை.

இந்த நிகழ்வை முன்னெடுக்க என்னைக் கேட்டால் முதலில் செய்ய வேண்டியது மீட்சிச் சோதனை. 8 வாரம் உப்பு தின்ற சுண்டெலியை மறுபடி சாதாரணத் தீனிக்குக் கொண்டுவந்து, குழாய்ச் சோதனையில் எழுச்சி எத்தனை நாளில் இறங்குகிறது என்று பார்ப்பது. சி.ஆர்.எச். மரபணு அடங்கி, எழுச்சி மட்டும் இரட்டிப்பாகவே நீடித்தால் மாற்றம் ஏற்பிகளிலோ, மரபணுவை மாற்றாமல் அதன் செயல்பாட்டை மட்டும் மாற்றும் வேதிக்குறிகளிலோ பதிந்துவிட்டது என்று பொருள். மனிதரிடம் செய்வதானால் உப்பை 6-க்கும் 12-க்கும் இடையில் வாரக்கணக்கில் மாற்றி, இரு பாலரையும் சேர்த்து, 24 மணி நேரச் சிறுநீரோடு நள்ளிரவு உமிழ்நீர்க் கார்டிசாலையும் அளக்க வேண்டும். நாளின் மிகத் தாழ்ந்த புள்ளி அது, மூளையின் தடை தளர்ந்திருந்தால் அங்கே தெரிய வாய்ப்பு அதிகம். சிறுநீரின் அளவு அந்த எண்ணைத் தொடாது.